அதே மாடுதாங்கய்யா

அவர் பேரை நான் சொல்லப்போறதில்ல. கண்ணுல பட்டதுக்கெல்லாம் புதுப் பேரு வச்ச மனுசன். அவரு ஒருத்தரு பேரில்லாம இருந்தா என்ன குடியா முழுகிரும்? பிள்ளைங்க அவருக்கு வச்ச பேரு போதும். பேரு சாரு.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே கூத்து ஆரம்பிச்சிருச்சு. சமயநல்லூரைத் தாண்டி, மெயின் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள போனா எங்க விவசாயக் கல்லூரி. தனியார் கல்லூரிதான். கேட்ல நின்ன வாட்ச்மேன்கிட்ட, "உழவியல் துறை எங்கண்ணே இருக்கு? அதோட தலைவரைப் பாக்கச் சொன்னாங்க"ன்னு கேட்டேன். அவரு என்னைப் பாவமாப் பாத்தாரு.

"அப்படி ஒரு டிபார்ட்மென்டே இல்லம்மா. நேத்தோட போச்சு."

எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. சேர வந்த அன்னைக்கே ஒரு துறையை இழுத்து மூடிட்டாங்கன்னா, நாளைக்கு என் துறை இருக்குமான்னு நின்னேன். அப்புறம்தான் அவரு கையை நீட்டிக் காட்டினாரு. பெயின்ட் காயாத ஒரு போர்டு. "நிலைத்த பயிர் உற்பத்தி மேலாண்மைத் துறை." உள்ள போனா கால் ஆடுற மேசை, கடகடன்னு சத்தம் போடுற ஃபேன், மூலையில விதை மூட்டை. மேசைக்குப் பின்னாடி கட்டம் போட்ட சட்டையில பெரிய உருவமா ஒருத்தரு. சட்டைப் பையில கலர் கலரா மார்க்கர் பேனா.

"ஏம்மா, நீதான் பூச்சியா?"ன்னாரு.

எங்க வீட்டுல எல்லாரும் மிஷன் ஸ்கூல் வாத்தியாருங்க. அப்பா கணக்கு, அம்மா இங்கிலீஷ், அத்தை பாட்டு. அந்த வம்சத்துல பூச்சியைப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினவ நான் ஒருத்திதான். கிறிஸ்மஸுக்கு வார சொந்தக்காரங்க எல்லாம் கேலி பண்ணி முடிச்சிட்டாங்க. இங்கயும் அதானான்னு எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு.

"பூச்சி இல்ல சார். பூச்சியியல்."

"அதையும் மாத்திருவோம். தாவர நலத் தீர்வுகள். எப்படி?"

"ஆஸ்பத்திரி விளம்பரம் மாதிரி இருக்கு சார்."

"அதுதாம்மா வேணும்!"ன்னு மேசையைத் தட்டினாரு. மேசை ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு.

அன்னைக்கு சாயந்திரமே கல்லூரியைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனாரு. "கால்நடை அனுபவ மையம்"னு ஒரு போர்டு இருந்துச்சு. நான் சேலையை எல்லாம் சரி பண்ணிக்கிட்டு, உள்ள ஏதோ பெரிய ஆய்வுக்கூடம்னு போறேன். ஒரு கருப்பு மாடு, ஒரு செவலை மாடு. ரெண்டும் அசை போட்டுக்கிட்டு என்னை ஏற இறங்கப் பாக்குதுக. சாணி அள்ளிக்கிட்டு இருந்த அண்ணன் நிமிந்து, "வாங்கம்மா, வந்து அனுபவிங்க"ன்னாரு. நான் சிரிச்ச சிரிப்புல செவலை மாடு மிரண்டுருச்சு. பேரு சாரு சிரிக்கவே இல்ல. "பேரைக் கேட்டதும் ஆளு நிமிந்து உக்காரணும்மா. நீ சேலையைச் சரி பண்ணுனியா இல்லையா?"ன்னு கேட்டாரு. பண்ணினேன்தான், என்ன செய்ய.

அவருக்கு இந்தக் கிறுக்கு எங்கருந்து வந்துச்சுன்னு அவரு வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. பேரையூர்ப் பக்கம் கரிசக்காட்டு விவசாயக் குடும்பம். பருத்தியும் சோளமும் போட்டு, மழையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குற பூமி. அங்கருந்து இவரு விவசாயம் படிச்சு, வாத்தியாரு வேலைக்குச் சேர்ந்து, பொண்ணு பாக்கத் திருமங்கலத்துக்குப் போயிருக்காரு. பொண்ணோட மாமா ஆபீஸ்ல கிளார்க்கு. "தம்பி என்ன படிச்சிருக்கு?"ன்னு கேட்டிருக்காரு. "அக்ரி"ன்னு இவரு சொல்ல, "அக்ரியா? அதை எங்க ஊர்ல படிக்காமலே செய்வாங்களே தம்பி, எதுக்குக் காலேஜு?"ன்னாராம். சபையே கொல்லுன்னு சிரிச்சிருச்சு. இவரு முகம் கறுத்துப்போயி, ஒரு மடக்கு காப்பி குடிச்சிட்டு, "இல்லங்க, நான் பயிர் உடலியங்கியல் விஞ்ஞானி"ன்னு ஒரே போடா போட்டிருக்காரு. அம்புட்டுப் பேரும் நிமிந்து உக்காந்துட்டாங்க.

"அந்த வார்த்தை வெளங்காமத்தான் என்னையக் கட்டிக் குடுத்தாக. வெளங்கியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்"னு அந்தம்மா சொல்லும். சொல்லிட்டு அவரு தட்டுல இன்னொரு தோசையையும் வைக்கும்.

அவரு வீடு அவனியாபுரத்துல. காலையில பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஷேர் ஆட்டோ. டிரைவருங்க சும்மா இருப்பாங்களா, "அண்ணே, என்ன வேலை பாக்குறீக?"ன்னு கேப்பாங்க. இவரு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பேரு சொல்லுவாரு. ஒருநாள் "உணவு முறைமை ஆலோசகர்"னு சொல்லப்போயி, அந்த டிரைவரு வண்டியவே ஓரங்கட்டிட்டான். "அப்ப ரேசன் கடையில ஒரு வார்த்தை சொல்லி விடுங்கண்ணே, அரிசில எம்புட்டுக் கல்லு கெடக்கு தெரியுமா?" பின்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாம் சேந்துக்கிட்டாங்க. பாமாயில் வரல, பருப்பு அளவு கொறையுதுன்னு ஆளாளுக்கு இவரைப் புடிச்சிக்கிட்டாங்க. கல்லூரிக்கு லேட்டா வந்து, "மக்கள் குறை கேட்பு முகாம்"னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாரு.

பொங்கலுக்கு அவரு வீட்டு மொட்டை மாடிதான் எங்களுக்கு ஜல்லிக்கட்டு கேலரி. அங்கயும் விடமாட்டாரு. "இது வெறும் மாடு புடிக்கிறதில்லம்மா. மரபினப் பாதுகாப்பு நேரடிக் களப்பயிற்சி"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு, கீழே களப்பயிற்சியில இருந்த ஒருத்தன் வேட்டியைப் பறிகுடுத்துட்டு எங்க சுவத்துல ஏறுறான். அந்தம்மா ஒரு பழைய துண்டைத் தூக்கி அவனுக்குப் போட்டுச்சு.

இப்படிப்பட்ட மனுசன்கிட்டத்தான் எங்க கரஸ்பாண்டென்ட் அந்தப் பொறுப்பைக் குடுத்தாரு.

விசயம் இதுதான். எங்ககிட்டப் படிச்ச பிள்ளைங்க மூணே எடத்துக்குத்தான் போவாங்க. உரக் கம்பெனி, பேங்க்கு, இல்லாட்டி கோச்சிங் சென்டரு. வயக்காட்டுக்கு ஒருத்தனும் போகமாட்டான். போனாலும் அங்க அவனுக்கு என்ன செய்யணும்னு தெரியாது. சேர வார பிள்ளைங்களும் கொறைஞ்சுக்கிட்டே போச்சு. கரஸ்பாண்டென்ட் கூட்டம் போட்டு, "இந்தக் காலத்து வேலைக்கு ஏத்த மாதிரி டிகிரியை மாத்துங்க. கேட்ட உடனே அட்மிஷன் போடுற மாதிரி இருக்கணும்"னாரு. சொல்லிட்டு நேரா பேரு சாரைப் பாத்தாரு. கரஸ்பாண்டென்டுக்கு வேண்டியது என்னன்னு அறையில இருந்த எல்லாருக்கும் தெரியும். பளபளன்னு ஒரு பேரு. அம்புட்டுத்தான். என்னையும் அந்தக் கமிட்டியில போட்டாங்க. "அரை நாள் வேலை சார், பேரை வச்சிட்டு டீ குடிக்கப் போயிருவோம்"னு நான் சொன்னேன்.

டீயும் இல்ல, ஒன்னும் இல்ல. மனுசன் ரெண்டு வாரம் கல்லூரிப் பக்கமே வரல.

எங்க போனாருன்னா, நம்ம பழைய பிள்ளைங்களைத் தேடிப் போயிருக்காரு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல ஒருத்தன் மல்லிகைப்பூ ஏத்துமதி செய்யுற ஆளுகிட்ட வேலை பாக்குறான். வாடிப்பட்டிப் பக்கம் ஒருத்தி விவசாயிங்க சேந்து நடத்துற கம்பெனியில கணக்குப் பாக்குறா. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே கேள்வி. "நாங்க சொல்லிக் குடுத்ததுல எதுப்பா உனக்கு ஒதவுச்சு?" பூ மார்க்கெட்டுப் பையன் ரொம்ப நேரம் யோசிச்சிருக்கான். யோசிச்சிட்டு, "சார், ஒரு ஜிகர்தண்டா சாப்புடுறீங்களா?"ன்னு கேட்டிருக்கான்.

அதை எங்கிட்ட வந்து சொன்னாரு. "பிள்ளை பாவம்மா, என் மனசு நோகக் கூடாதுன்னு ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்திருக்கான். நாலு வருசம் வச்சிருந்தோம். ஒன்னுகூட ஒதவலையாம்மா?" எனக்கு அவரைக் கேலி பண்ண வாயே வரல.

அதுக்கப்புறம் அவரு அந்த சிலபஸைக் கொத்துனாரு பாருங்க, எல்லாத் துறையும் அலறுச்சு. கடைசி வருசம் முழுக்க வகுப்பே கெடையாது. பிள்ளைங்க மார்க்கெட்டுல, குளிர்பதனக் கிட்டங்கியில, விவசாயிங்க கம்பெனியில கெடக்கணும். பூவைத் தரம் பிரிக்கணும், பயிர் இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்பணும், பேங்க்குக்குத் திட்ட அறிக்கை எழுதணும், செயற்கைக்கோள் படத்தைப் பாத்து எந்தக் காடு காயுதுன்னு சொல்லணும், ட்ரோன் ஓட்டணும், கெட்டுப்போனா கழட்டி மாட்டணும். பழைய பாடத்துல பாதிக்கு மேல வெட்டித் தள்ளிட்டாரு. அதுல என் பாடமும் போச்சு.

நான் ரூமுக்குள்ள போயி கத்தினேன். "என் பூச்சியில கை வைக்காதீங்க சார். வகைப்பாடு தெரியாம ஒரு பிள்ளை எப்படிப் பூச்சியைப் புரிஞ்சுக்கும்?"

"ஏம்மா, காய்ப்புழு விழுந்துருச்சுன்னு ஒரு சம்சாரி போன் பண்றான். அதோட மீசையில எத்தனை கணுன்னு எண்ணிச் சொன்னா, அந்தாளு என்ன செய்வான்?"

"எண்ணாம என்ன பூச்சின்னு எப்படித் தெரியும்?"

"சரி, எண்ணு. எண்ணிட்டு அவன் மருந்தடிக்கணுமா வேண்டாமான்னு சொல்லிக் குடு. நீ மீசையோட நிறுத்திர்றியேம்மா!"

நான் ரெண்டு நாள் அவருகூடப் பேசல. மூணாவது நாள் உக்காந்து பாத்தா, எரிச்சலா இருந்தாலும், அந்தாளு சொல்றதுல தப்பு ஒன்னும் இல்ல. புதுசா எழுதினேன். எழுதி முடிச்சதும்தான் ஒன்னு கவனிச்சேன். அந்தப் புது சிலபஸ்ல எந்தப் பாடத்துக்குமே பேரு இல்ல. "சந்தை விசயம்", "அந்த ட்ரோனு", "மருந்தடிக்கணுமா வேண்டாமா"ன்னு கைக்கு வந்ததை எழுதி வச்சிருக்காரு. பேரு சாரு பேரையே மறந்துட்டாரு! "பேரு என்ன சார் வைக்க?"ன்னு கேட்டா, "அதைக் கடைசியில பாத்துக்கலாம்மா, இதைப் பாரு முதல்ல"ன்னு கையை ஆட்டுறாரு. அவரை எனக்குப் புடிக்க ஆரம்பிச்சது அன்னைக்குத்தான்.

கடைசி நாள் அவசர அவசரமாப் பேரு வச்சாரு. பழசு "பி.எஸ்சி. அக்ரிகல்ச்சர்". புதுசு "பி.எஸ்சி. அக்ரி டெக்னாலஜி அண்ட் பிசினஸ்". கரஸ்பாண்டென்டுக்கு அம்புட்டுச் சந்தோசம். உள்ள என்ன இருக்குன்னு அவரு பொரட்டிக்கூடப் பாக்கல.

முதல் பேட்ச்சுக்குப் பிள்ளை புடிக்கணுமே. இவரு நேரா ஊருக்குப் போயி தன் தங்கச்சி மக பாண்டீஸ்வரியையே புடிச்சிட்டு வந்துட்டாரு. அந்தப் புள்ளைக்கு நர்சிங் சீட் கையில இருந்துச்சு. அவ அப்பா, அதாவது இவரு தங்கச்சி மாப்பிள்ளை, தயங்கித் தயங்கிக் கேட்டிருக்காரு.

"மச்சான், இது அரசாங்க வேலைக்கு ஆகுமா?"

"அரசாங்கமே வீடு தேடி வரும் மாப்ள. அந்த நர்சிங்கை விட்டுத் தள்ளு."

தள்ளிட்டாங்க. பாண்டீஸ்வரி நல்லாப் படிச்சா. வாயாடி. வகுப்புல "மாமா"ன்னு கூப்பிட்டுட்டு நாக்கைக் கடிச்சிக்கிருவா. அந்த பேட்ச் பிள்ளைங்களைப் பாத்தா எனக்கே பெருமையா இருக்கும். ஒரு பருத்திக் காட்டுக்குள்ள எறங்குனா என்ன செய்யணும்னு அதுகளுக்குத் தெரிஞ்சுச்சு. சில பேரு படிக்கும்போதே வேலையில ஒட்டிக்கிட்டாங்க. ஆனா வீட்டுல விடுவாங்களா? கவர்மென்ட்டு உத்தியோகம்னா தனி மவுசுதானே. பாண்டீஸ்வரியும் இன்னும் சில பேரும் வேளாண்மை அலுவலர் பரீட்சை எழுதினாங்க. பாண்டீஸ்வரி பாஸ் பண்ணிட்டா. சும்மா இல்ல, லிஸ்ட்ல மேல. பேரு சாரு கல்லூரி பூராவும் மைசூர்பாகு குடுத்தாரு. டப்பாவுல என்னமோ "சாதனைப் பகிர்வு"ன்னு எழுதியிருந்துச்சு.

சான்றிதழ் சரிபாக்கச் சென்னைக்குக் கூப்பிட்டாங்க. அங்க மேசையில இருந்தவரு அவ டிகிரியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "விளம்பரத்துல அக்ரிகல்ச்சர்னு போட்டிருக்கோம். இது வேற என்னமோ போட்டிருக்கேம்மா"ன்னிருக்காரு.

"அதுதான் சார் இது."

"அப்ப ரெண்டும் ஒன்னுதான்னு இணைத்தன்மை உத்தரவு வாங்கிட்டு வா. மாசக் கடைசி வரைக்கும் டயம். இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்."

இணைத்தன்மைன்னா, இந்தப் படிப்பும் அந்தப் படிப்பும் சமம்னு ஒரு கமிட்டி உக்காந்து பாத்து அரசாங்கம் போடுற உத்தரவு. பேரை மாத்துன அன்னைக்கே வாங்கியிருக்கணும். எங்க கல்லூரியில யாருக்கும் அந்த நெனப்பே வரல. அக்ரிகல்ச்சர்ங்கிற வார்த்தையில பாதி வெட்டுப்பட்டதுல ஒரு பேட்ச்சோட சோறே வெட்டுப்பட்டுப்போச்சு.

அவ அப்பா போன் பண்ணினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. அந்த மனுசன் திட்டல, கத்தல. "மச்சான், எம்மக படிச்சது விவசாயமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க"ன்னாரு. பேரு சாரு போனை மேசையில கவுத்து வச்சாரு. எம்புட்டுப் பெரிய உருவம், அப்படியே சுருங்கிப்போச்சு. எனக்கு அவரைப் பாக்கவே முடியல, வெளியில வந்துட்டேன்.

சென்னை ஆபீஸ்ல விசாரிச்சோம். போன்ல ஒரு அம்மா பொறுமையாச் சொன்னாங்க. பழைய பாடத்தோட முக்கால்வாசி ஒத்துப்போச்சுன்னா ஒரே கூட்டத்துல முடிஞ்சிரும். ஒத்துப்போகலன்னா அது புதுப் படிப்பு. அதுக்குத் தனி ஃபைலு, தனி கமிட்டி, எப்ப முடியும்னு கடவுளுக்குத்தான் தெரியும். நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். முக்கால்வாசியா? பாதிகூட ஒத்துப்போகாது. அதுதானே அவரு செஞ்ச வேலையே!

காலை ரயில்ல ரெண்டு பேரும் சென்னைக்குக் கெளம்பினோம். திண்டுக்கல் தாண்டுனதும் லேப்டாப்பை என் மடியில வச்சாரு. "டைப் பண்ணும்மா. எடது பக்கம் பழைய பேரு, வலது பக்கம் புதுப் பேரு."

"என்ன சார் செய்யப்போறீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையைச் செய்யப்போறேன். பேரு வைக்கப்போறேன். சந்தை விசயத்துக்குப் பழசுல என்னம்மா?"

"வேளாண் பொருளாதாரம்."

"போடு. ட்ரோனு?"

"அதுக்கு என்ன சார் இருக்கு? நம்ம காலத்துல முதுகுல மாட்டுற ஸ்பிரேயருதான்."

"பண்ணைக் கருவிகளும் எந்திரங்களும்னு போடு. பறந்துட்டா எந்திரம் இல்லன்னு ஆயிருமா?"

செயற்கைக்கோள் படம் "நில அளவை" ஆச்சு. பேங்க் அறிக்கை "விரிவாக்கக் கல்வி" ஆச்சு. என் பாடத்துக்கு வந்தப்போ நானே கேக்காம "பூச்சி வகைப்பாடு"ன்னு அடிச்சேன். அவரு என்னைப் பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. விழுப்புரம் வரைக்கும் இந்தக் கூத்துதான். தன் புள்ளைக்கு அடுத்தவன் இனிஷியலைப் போடுற மாதிரி இருந்துச்சு எனக்கு. அவருக்கு எப்படி இருந்துச்சோ.

மறுநாள் கூட்டம். நீள மேசை, எதிர்ல வயசான பேராசிரியருங்க மூணு பேரு. நடுவுல தலைவர். எங்க சிலபஸ் புஸ்தகம் தடிமனா அவரு முன்னாடி இருக்கு. பொரட்டினாருன்னா முடிஞ்சுச்சு கதை. நான் ஏசுவே ஏசுவேன்னு உள்ளுக்குள்ள கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். தலைவர் புஸ்தகத்து மேல கையை வச்சாரு. வச்சவரு நிமிந்து பேரு சாரைப் பாத்து, "உங்களை எனக்குத் தெரியுமே. ஒருதடவை உங்க காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தேன். மாட்டுக் கொட்டகைக்கு என்னமோ பேரு வச்சிருந்தீங்களே?"ன்னாரு.

"கால்நடை அனுபவ மையம்ங்கய்யா."

மூணு பேரும் சிரிச்சிட்டாங்க. "உள்ள போனா மாடு!"ன்னாரு தலைவர்.

"மாடுதாங்கய்யா."

"புது மாடா?"

"இல்லங்கய்யா, அதே மாடுதாங்கய்யா."

பக்கத்துல இருந்தவருக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரை ஏறிருச்சு. தலைவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிக்கிட்டே கேட்டாரு. "நேராவே கேக்குறேன். இந்த டிகிரியில உள்ள எதையாவது மாத்துனீங்களா? இல்ல, இதுவும் அதே மாதிரியா?"

நான் அவரு முகத்தைப் பாத்தேன். வெயில்ல ஊர் ஊரா அலைஞ்சு, எல்லாத் துறைகிட்டயும் ஏச்சு வாங்கி, பேருகூட வைக்க மறந்து செஞ்ச வேலை அது. அந்த மனுசன் வாழ்க்கையில உருப்படியாச் செஞ்ச ஒரே மாத்தம். சொல்லிருவாரோன்னு பயமா இருந்துச்சு. சொல்லட்டும்னும் இருந்துச்சு. எனக்கே வாய் தொறந்துருச்சு. அதுக்குள்ள மேசைக்கடியில என் காலை ஒரு மிதி மிதிச்சாரு.

"அதே மாடுதாங்கய்யா"ன்னாரு.

புஸ்தகத்தை அவங்க பொரட்டவே இல்ல. கையெழுத்துப் போட்டாங்க. "பாடத்திட்டத்தில் மாற்றம் ஏதுமில்லை, பெயர் மாற்றம் மட்டுமே"ன்னு உத்தரவு வந்துச்சு. இனிமே பழைய பேருலயே டிகிரி குடுக்கணும்னும் சேத்து எழுதியிருந்தாங்க.

வெளியில வந்து நான் அவரைப் புடிச்சுக் கத்தினேன். கால் வேற வலிக்குது. "ஏன் சார் இப்படி? அம்புட்டையும் ஒரு மாட்டை வச்சு அழிச்சிட்டீங்களே!"

"ஏம்மா பூச்சி, நான் பேரை மட்டும்தான் மாத்துவேன்னு ஊரே சிரிச்சுச்சுல்ல? அதனாலதான் அவுக புஸ்தகத்தைப் பொரட்டல. வேற யாரும் வந்திருந்தா பொரட்டியிருப்பாக. அவளுக்கு வேலை கெடைச்சிருச்சும்மா. எனக்கென்ன, பேருதானே போச்சு"ன்னாரு. சொல்லிட்டு ரோட்டைத் தாண்டிப் போயி ரெண்டு டீ சொன்னாரு.

கல்லூரிக்குத் திரும்பினா, கரஸ்பாண்டென்ட் அந்த உத்தரவை வாங்கிப் படிச்சிட்டு, "நீங்களே ஒன்னும் மாத்தலன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே. அப்ப பழைய புஸ்தகத்தை வச்சே நடத்துங்க"ன்னுட்டாரு. பாவி மனுசன். நாங்க சில பேரு மட்டும் பழைய பேருலயே புதுப் பாடத்தை நடத்தினோம். "பாடத்துப் பேரை யாரும் தொடாதீங்க, பேரு பழசாவே இருக்கட்டும்"னு பேரு சாரு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அவரு எதுக்குமே பேரு வைக்கல. வீட்டுல பேரப்பிள்ளைக்குப் பேரு வைக்கச் சொன்னப்பகூட "நீங்களே வைங்கப்பா"ன்னாராம்.

அவரு ரிட்டயராகும்போது விழா வச்சாங்க. சிறப்பு விருந்தினரு யாருன்னு நெனைக்கிறீங்க? அந்தக் கமிட்டித் தலைவரேதான். கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டிருந்தாரு. முதல் பேட்ச் பிள்ளைங்க வந்து கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க. பாண்டீஸ்வரி வேலையில சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகல. ஆபீஸ்ல லீவு போட்டுட்டு வந்திருந்தா.

தலைவரு மைக்கைப் புடிச்சு, கூட்டத்துல நடந்த கதையை ரசிச்சு ரசிச்சு சொன்னாரு. "நாப்பது வருச சர்வீஸ்ல இம்புட்டு வெள்ளந்தியான மனுசனை நான் பாத்ததில்ல. ஒன்னுமே மாத்தல, பேரைத்தான் மாத்தினேன்னு தைரியமா ஒத்துக்கிட்டாரு பாருங்க!"ன்னாரு. மண்டபமே குலுங்கிச் சிரிச்சுச்சு. மேடையில மாலையோட உக்காந்திருந்த பேரு சாரும் சிரிச்சாரு.

கடைசி வரிசை மட்டும் சிரிக்கல. அம்புட்டுப் பிள்ளைங்களும் மொகத்தை இறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கு. பாண்டீஸ்வரி நாற்காலிக் கையைப் புடிச்சிக்கிட்டு எந்திரிக்கப் போறா. அவ வாயைத் தொறந்தா உள்ளதைச் சொல்லிருவா, எனக்குத் தெரியும். அவ மாமனுக்கும் தெரிஞ்சிருச்சு. சிரிச்ச மொகம் மாறாம, போட்ட பொன்னாடைக்கு அடியில கையை மெதுவா ஆட்டினாரு. உக்காரு, சிரி, சிரின்னு கெஞ்சுற மாதிரி ஆட்டினாரு.

அவ உக்காந்தா. சிரிச்சா. கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட, கையைத் தட்டித் தட்டிச் சிரிச்சா. அவளைப் பாத்து மத்த பிள்ளைங்களும் சிரிச்சதுக.